மேய்ச்சல் சரிவில் நான் நட்ட மஞ்சள் பலகை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது மாலை போடுவது மாதிரி ஒரு மரியாதை. பதிலுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும். எனக்கு அது வராது. முப்பது வருஷத்துக்கு மேல் மண்ணை அள்ளிக் கதிர்வீச்சைப் பாய்ச்சி, அதில் எந்தப் புல் முளைத்தது, எந்த நுண்ணுயிர் பிழைத்தது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். எண்ணுவது எப்படி என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பலகையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

ஸ்டோர் அறையில் மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு புள்ளி, சுற்றி மூன்று கறுப்பு இதழ். கதிர் அபாயம் இருக்கிற இடத்தில் மட்டும் மாட்ட வேண்டியது. அதில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு பலகைதானே என்று யாரும் கேட்கவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது இது. காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி மலையைப் பார்த்துப் போனால், திராட்சைப் பந்தலும் தென்னையும் முடிகிற இடத்தில் மேய்ச்சல் சரிவு ஒன்று ஆரம்பிக்கும். அதன் அடியில் ஒரு சின்ன ஊர். பெயர் சொல்ல மாட்டேன், அந்த ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அந்தச் சரிவில்தான் எங்கள் ஆராய்ச்சி. புல் தரையைக் கட்டி கட்டியாக வெட்டி, பெட்டியில் வைத்து, வெளியூரில் இருந்த காமா அறைக்குக் கொண்டு போனோம். சில கட்டிக்குக் கொஞ்சம் கதிர், சிலதுக்கு நிறைய, சிலதுக்கு ஒன்றுமே இல்லை. திரும்பக் கொண்டுவந்து வெட்டிய குழியிலேயே பதித்து, கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவினோம். இருபத்து நான்கு சதுரங்கள். கதிர் பட்ட மண்ணில் புல் எப்படி வளர்கிறது, செத்த பாக்டீரியாவும் பூஞ்சையும் எப்போது திரும்பி வருகின்றன என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயத்தை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். காமா கதிர் மண்ணைக் கடந்து போய்விடும், மண்ணுக்குள் தங்காது. எக்ஸ்ரே எடுத்த கையோடு வீட்டுக்கு வந்து சோறு பிசைந்து சாப்பிடுகிறோம் அல்லவா, அப்படித்தான். உள்ளே இருந்த உயிர் செத்திருக்கும், ஆனால் அந்த மண்ணால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சதுரங்களுக்குத் தண்ணீர் விடவும் காவல் பார்க்கவும் ஒச்சம்மாளை வைத்திருந்தோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஏழு பசு வைத்திருந்தாள். காலையில் பால் கறந்து ஊர் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு சரிவுக்கு வந்துவிடுவாள். மகள் தேனியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு நடந்ததே ஏழு மாட்டுப் பாலில்தான். முதல் வாரமே என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

“சாரு, நான் ஏழு உசுரு வச்சுப் பொழைக்கிறவ. இந்த மண்ணுல எம்மாட்டுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

எக்ஸ்ரே கதையைச் சொன்னேன்.

“எனக்கும் கால் ஒடிஞ்சப்பக் கம்பம் ஆஸ்பத்திரில எடுத்தாக. காலுல வெளக்கா எரியுது? சரி போங்க” என்றாள். அதோடு அந்தச் சந்தேகம் அவளுக்கு முடிந்தது. நாலு வகுப்புகூடப் படிக்காதவள். எங்கள் அலுவலகத்திலேயே இதைப் புரிந்துகொள்ளாத ஆட்கள் இருந்தார்கள்.

முதல் அதிசயத்தைக் கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு நாள் ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

“கூத்தப் பாத்தீகளா சாரு? நீங்க செத்த மண்ணு, செத்த மண்ணுன்னு சொன்னீகள்ல, அதுலதான் புல்லு கருகருன்னு நிக்கிது. உசுரு மண்ணுல சவலையாக் கெடக்கு.”

உண்மைதான். கதிர் அதிகம் பட்ட சதுரங்களில்தான் பச்சை கண்ணைப் பறித்தது. கதிர் புல்லுக்கு நல்லது என்று எழுதிவிடலாம் போல எனக்குக் கை துறுதுறுத்தது. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய மேடத்திடம் போனில் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அவசரப்படாதீங்க. செத்த பாக்டீரியா உடம்புல இருந்த நைட்ரஜன் எல்லாம் வெளிய வந்திருக்கு. புல்லு இப்பப் பிணத்தத் தின்னுக்கிட்டு இருக்கு. அது தீரட்டும், அப்புறம் பேசலாம்.”

அந்த அம்மா மண் விஷயத்தில் ஒரு நாளும் தப்பியதே இல்லை. எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றுக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் அவரைப் பற்றி வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாடு போகும். ஊர் மாடுகள் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்தன. ஒச்சம்மாள் மாடுகள் அவள் ஒரு சத்தம் கொடுத்தால் நிற்கும், மற்றவர்கள் மாடுகளை யார் நிறுத்துவது? முள் வைத்தோம், கம்பி கட்டினோம். ஊருக்குள் போய்ச் சொன்னேன். “மாட்டுக்கு ஆபீசு எது, வயக்காடு எதுன்னு தெரியுமா சார்?” என்று சிரித்தார்கள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஆறு சதுரம் மொட்டை. ஏழு மாத உழைப்பு சாணியாகக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று மாதத்தில் டெல்லியிலிருந்து குழு வந்து திட்டத்தைப் பரிசீலிக்கப் போகிறது என்று மேடம் வேறு நெருக்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். ஜீப் ஓட்டிய பாய் கம்பத்துக்காரர், என்னோடு பத்து வருஷம் ஓடியவர். குழி தோண்டிக்கொண்டே கேட்டார்.

“சார், மண்ணுல ஒண்ணுமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? பெறகு எதுக்கு இது?”

“மாட்டுக்குப் படிக்கத் தெரியாது பாய். மாட்டுக்காரனுக்குத் தெரியும்ல?”

“அதான் சார் யோசிக்கிறேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், கேட்கவில்லை.

பலகை பிரமாதமாக வேலை செய்தது. அந்த மூன்று இதழை எல்லோரும் டிவியில் பார்த்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் சரிவே காலியாகிவிட்டது. ஊர் மாடு பூராவும் வேறு பக்கம் போய்விட்டது. ஒச்சம்மாள் மட்டும் பலகை பக்கத்திலேயே தன் ஏழு மாட்டையும் மேய விட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத்தான் உண்மை தெரியுமே. “என்ன சாரு, எனக்குன்னு பட்டா போட்டுக் குடுத்துட்டீக” என்று கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

மேடம் சொன்னபடியே பிணம் தீர்ந்தது. கருகருவென்று நின்ற சதுரங்கள் மஞ்சளாகத் தொடங்கின. புல்லின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை ஒன்று உண்டு. மண்ணிலிருந்து பாஸ்பரஸை இழுத்து வேருக்குக் கொடுப்பது அதுதான். கதிரில் அது செத்துப்போயிருந்தது. தானாக எடுத்துக்கொள்ள முடியாமல் புல் சுருண்டது. எங்களுக்கு அது அருமையான முடிவு. கோட்டு வரைபடம் அழகாக மேலே ஏறிக் கீழே இறங்கியது. ஊர்க்காரன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரு பலகை, அதற்குப் பின்னால் கருகிப்போன புல், அதற்குப் பக்கத்தில் ஒச்சம்மாள் மாடு.

அந்தச் சமயம் பார்த்து அவளுடைய சினைமாடு ஒன்று கன்று வீசியது, குறைமாதத்தில் செத்த கன்றாக விழுந்தது. மாட்டுக்கு அது நடக்கக்கூடியதுதான். வேறு வருஷமாக இருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை நான் சரிவுக்குப் போனபோது ஒச்சம்மாள் பால் கேனோடு நின்றாள். கேன் நிறைய இருந்தது.

“சொசைட்டில ஊத்த விட மாட்டேங்கிறாக சாரு. டீக்கடையிலயும் வேணாம்னுட்டாக. கதிர் தின்ன மாட்டுப் பாலாம். பிள்ளைக குடிக்கிற பாலுல கலக்கப் பாத்தியாடின்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரா கேக்குறா.”

“நீ சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னா யாரு கேப்பா? போர்டுல அபாயம்னு எழுதியிருக்கே, ஒனக்கு என்னடி தெரியும்ங்கிறாக. நீங்க படிச்சவுக. போர்டு வச்சவுகளும் நீங்கதான். ஒரு எட்டு வந்து, ஒண்ணுமில்ல, மாட்ட வெரட்டத்தான் வச்சேன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான் நான் கேக்குறது.”

அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த நிமிஷமே ஜீப்பில் ஏறி சொசைட்டிக்குப் போயிருக்க வேண்டும். நான் மேடத்துக்குப் போன் போட்டேன்.

அவருக்குப் பலகை வைத்ததே அப்போதுதான் தெரியும். மெதுவாகச் சொன்னார். “கதிர் இல்லாத இடத்துல அந்தச் சின்னத்த வச்சது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுமா? பாதுகாப்புப் பிரிவுக்குப் போனா உங்க வேல, என் திட்டம், காமா அறை அனுமதி எல்லாம் போச்சு. குழு பத்து நாள்ல வருது. அதுவரைக்கும் யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசாதீங்க. குழு போனதும் நானே கடிதம் தர்றேன்.”

பத்து நாள் என்பது எங்களுக்கு ஒரு ஆய்வுக் கூட்டத்துக்கான அவகாசம். பால் கறக்கிறவளுக்கு அது இருபது வேளை. இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தோன்றவில்லை. “பத்து நாள் பொறுத்துக்கம்மா” என்றேன். அவள் கேனை அங்கேயே சாய்த்து ஊற்றிவிட்டுப் போனாள்.

இருப்புக் கொள்ளாமல் அன்றைக்கே பலகையைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுவிட்டேன். அதனால் விஷயம் அடங்கும் என்று நினைத்தேன். நினைப்பைப் பாருங்கள்! குட்டு வெளிப்பட்டதும் ராத்திரியோடு ராத்திரியாகத் தடயத்தை மறைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. பிடுங்கியது பட்டப்பகலில்.

ஞாயிற்றுக்கிழமை சாவடியில் ஊர்க் கூட்டம். என்னையும் வரச் சொன்னார்கள். பாய்தான் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில், “சார், உள்ளதச் சொல்லிருங்க. திட்டுவாக, அடிக்கக்கூட வருவாக. ஒரு நாளோட முடிஞ்சுரும்” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஐம்பது பேர் இருப்பார்கள். ஊர்ப் பெரியவர் நேராகக் கேட்டார்.

“அங்கன கதிர் இருக்கா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க.”

இல்லை என்பது ஒற்றை வார்த்தைதான். சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் பலகை வைத்தாய் என்பது. எனக்கு ஓய்வூதியம் ஞாபகம் வந்தது. மேடம் குரல் ஞாபகம் வந்தது. நான் சொன்ன வாக்கியம் எனக்கு இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. “ஆய்வு இன்னும் முடியவில்லை. அறிக்கை வந்ததும் முறைப்படி தெரிவிக்கப்படும்.”

கூட்டம் கசகசவென்று பேசத் தொடங்கியது. “அப்ப இருக்கு, அதான் மழுப்புறாரு” என்று ஒருத்தர் சத்தமாகச் சொன்னார். ஒச்சம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். கையில் ஒரு சொம்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர். காலையில் கறந்து காய்ச்சிய பால். எல்லோரும் பார்க்க ஒரு டம்ளரில் ஊற்றி, நின்றவாக்கில் மடமடவென்று குடித்தாள். இன்னொரு டம்ளரில் ஊற்றி என் முன்னால் நீட்டினாள்.

“நீங்க ஒண்ணும் பேச வேணாம் சாரு. ஒங்களுக்கு என்ன கஷ்டமோ, எனக்குத் தெரியாது. இத மட்டும் வாங்கிக் குடிச்சிருங்க. எஞ்சனம் பாத்துப் புரிஞ்சுக்கிரும்.”

எவ்வளவு புத்திசாலி அவள்! நான் வாய் திறக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்து, வாய் திறக்காமலே உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்தாள். பாலில் ஒன்றுமில்லை என்று அந்த ஊரிலேயே என்னைவிட நிச்சயமாகத் தெரிந்தவன் யாரும் கிடையாது. கை நீட்டினேன். டம்ளரில் விரல் பட்டது, சூடுகூடத் தெரிந்தது. யாரோ செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பது கண்ணில் பட்டது. நான் பால் குடிக்கிற படம் எங்கள் அலுவலகத்துக்குப் போகும், பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும், பலகை விஷயம் வெளிவந்து விசாரணை நடக்கும் என்று மனதில் ஓடியது. கையை இழுத்துக்கொண்டேன்.

“சாரே குடிக்க மாட்டேங்கிறாரு பாத்தீகளா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு அப்புறம் அந்தச் சாவடியில் பேச ஒன்றும் இல்லை. ஒச்சம்மாள் நீட்டிய டம்ளரை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதையும் அவளே குடித்தாள்.

குழு வந்தது, பாராட்டியது, போனது. மேடம் வாக்குத் தவறாமல் கடிதம் கொடுத்தார். கடிதத்தையும் கதிர் அளக்கும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். சரிவிலிருந்து அள்ளி வந்த மண்ணைச் சொசைட்டி வாசலில் வைத்து அளந்து காட்டினேன். “மீட்டரும் ஒங்களுதுதான சார்” என்றார் செயலாளர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒச்சம்மாளின் மாட்டுக் கொட்டத்துக்குப் போனேன். ஏழு முளைக்குச்சியும் இருந்தன, மாடுகள் இல்லை. உள்ளூரில் வாங்க ஆள் இல்லாததால், வந்த விலைக்குத் தரகன் கேரளாவுக்கு ஏற்றிவிட்டான். அவள் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலைக்குப் போய்விட்டாள், மகள் படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

எங்கள் கட்டுரை நல்ல இதழில் வெளிவந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள். புல்லின் முதல் பச்சை எப்படி ஏமாற்றும், வேர்ப்பூஞ்சை இல்லாமல் அது எப்படிச் சுருளும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. “சதுரங்கள் மேய்ச்சலிலிருந்து பாதுகாக்கப்பட்டன” என்று ஒரு வரி வரும். எப்படி என்று எழுதவில்லை. அந்தச் செத்த மண்கூட இரண்டு மழைக்காலம் கழித்துப் பிழைத்துக்கொண்டது. பக்கத்துத் தரையிலிருந்து பூஞ்சை வேர் வேராகத் தாவி உள்ளே வந்துவிட்டது.

வேலை கெட்டுப்போகும்போது குறுக்கு வழி உங்களுக்கும் தோன்றும். நீங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள், என்னைவிட வேகமாகத் தோன்றும். தோன்றிய பிறகு பக்கத்தில் குழி தோண்டுகிற ஆளின் முகத்தைப் பாருங்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே ஒத்துக்கொள்ளுங்கள். வேலை போகுமா? போகட்டும். எனக்கு வேலை போகவில்லை, ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. வங்கியிலிருந்து வரும் செய்தியைத் திறந்து பார்க்காமலே அழித்துவிடுகிறேன்.

ஒச்சம்மாளை அதற்குப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். பாய் இப்போது எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். ஒரு நாள் விடியற்காலை கம்பத்தில் ஜீப் நிற்கிற இடத்துக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அதில் அவள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டாள்.

“சாரு, நல்லாருக்கீகளா?”

உளறினேன். “ஒச்சம்மா, அந்த மண்ணுல ஒண்ணுமே இல்லம்மா. எல்லாத்தையும் அளந்து பாத்தாச்சு.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியுமே சாரு” என்றாள். “தெரியாதவுககிட்டச் சொல்லத்தான ஒங்களக் கூப்புட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாய் ஜீப்பைக் கிளப்பி ஹாரன் அடித்தார். அவள் பக்கத்து டீக்கடையில் வாங்கி வைத்திருந்த கிளாஸில் இன்னும் வாய் வைக்கவில்லை. அதை என் கையில் கொடுத்தாள்.

“கட்டன்தான் சாரு, பால் இல்ல. பயப்படாமக் குடிங்க.”

ஜீப் போய்விட்டது. நான் அங்கேயே நின்று குடித்தேன்.